கடைசிக் கேள்வியை நான் வாசிக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ மூன்று விஷயம் சொன்னாய். கயல் வியாழக்கிழமைதோறும் போகிற இடத்துக்கு இனிப் போக வேண்டாம், மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள், இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதீர்கள். "சரிடா, மூச்சு விடாம எத்தனை நாள் இருக்கறது, எனக்கு ஏற்கெனவே இழுப்பு" என்றேன். நீ சிரித்தாய். நான் போனை வைத்தேன். அந்தச் 'சரி'யைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். உன் மனைவி போவாள். மாத்திரையும் சாப்பிடுவாள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் முப்பத்தோரு வருஷத்துக் கதையை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு எனக்கு இப்போது தெம்பு இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன், நீ பொறுமையாகப் படி.

தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், தெரியும். மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் வேறென்ன செய்வாய். நம் வீட்டுத் தமிழைக் கொச்சித் தமிழ் என்று நாம் சொல்வோம். உன் கல்யாணத்துக்கு விருதுநகரிலிருந்து வந்த பெண்வீட்டார் அதைக் கொச்சைத் தமிழ் என்றார்கள். எதுவாகவும் இருக்கட்டும். கயலுக்கு மலையாளம் காதில் விழுந்தால் புரியும், கண்ணில் விழுந்தால் புரியாது. அவளைப் பற்றி அவளால் படிக்க முடியாத எழுத்தில் ஒருமுறை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன். இதை அவள்தான் முதலில் படித்தாள், அடுத்தது நீ. அதற்குப் பிறகு நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். உன் பெயரும் என் பெயரும் அதில் இருக்காது. கயல் என்பதுகூட இந்தக் கடிதத்துக்காக அவளே தேர்ந்துகொண்ட பெயர்தான். "போடுங்க மாமா, வேற யாராச்சும் ஒருத்தி படிப்பா" என்றாள்.

உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று ஊருக்கே தெரியும். பதினைந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் 'இன்று அவதி' என்று மலையாளத்தில் எழுதித் தொங்கவிட்டு, பாதிப் பள்ளிக்கூடத்தை வீட்டுக்கு அனுப்பியவன். அவதி என்றால் மலையாளத்தில் விடுமுறை. தமிழில் அதற்கு என்ன அர்த்தம் என்பதைத் தலைமையாசிரியர் பிரம்பால் விளக்கினார். கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையை வைத்துக்கொண்டு, போகிற ஒவ்வொரு கல்யாணத்திலும் நானும் ஒரு பாத்திரமாகிவிடுவேன். மைக் கிடைத்தால் விடமாட்டேன். அந்தப் பதினைந்து வயசுப் பயல் எனக்குள் வளரவே இல்லை. இப்போது எனக்கு அறுபத்து மூன்று. அவனைத் தூக்கிக்கொண்டு நடக்க என்னால் முடியவில்லை.

கயலுக்கு இது உன் மகள் குட்டி பிறந்த பிறகு வந்தது என்று நீ நினைக்கிறாய். இல்லை. ஏழாம் மாசம் வளைகாப்பன்று இரண்டு கையும் நிறைய வளையல் அடுக்கி அவளை உட்காரவைத்திருந்தோம். நீ கத்தாரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். நடுவில் கயல் என்னைக் கூப்பிட்டு, "மாமா, நான் உள்ள போய்ப் படுத்துக்கட்டுமா? எல்லாரும் பேசுறது தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்கு" என்றாள். "தண்ணிக்குள்ள இருக்கற மாதிரி இருந்தா நீ முழுக் கொச்சிக்காரி ஆயிட்டேன்னு அர்த்தம்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எழுந்து போகவில்லை. அதற்கு முன்பே பல வாரமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஸ்கேன் எடுக்கப் போனபோது டாக்டர் "வேறேதாவது பிரச்சினை உண்டா?" என்று அவளைத்தான் கேட்டார். பின்னால் நின்ற நானும் உன் அம்மாவும் ஒரே குரலில் "ஒண்ணும் இல்ல" என்றோம். அவளுக்கு அம்மா இல்லை. அம்மா இருந்திருந்தால் முதல் பிரசவத்துக்கு விருதுநகர் போயிருப்பாள், அங்கே யாராவது ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்திருப்பாள். இங்கே எங்களுக்கு அவள் வாயிலிருந்து பதில் வருவதற்குள் அவசரம்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். குட்டிக்கு ஆறாவது வாரத்து ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். உன் அம்மா குழந்தையோடு வரிசையில் நின்றாள். நானும் கயலும் பெஞ்சில். ஒரு நர்ஸ் வந்து, பிரசவம் ஆன பெண்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள் என்று ஒரு தாளை நீட்டினாள். கடந்த ஏழு நாளில் மனது எப்படி இருந்தது என்று பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு பதில், பொருத்தமானதில் அடையாளம் போட வேண்டும். அவள் கையில் ஆங்கிலத் தாளும் இருந்தது. கயல் அதை மெதுவாகவாவது படித்திருப்பாள். நான்தான் மலையாளத் தாளை உருவினேன். "இது அம்ம தன்னே எழுதணும் கேட்டோ, ஒற்றைக்கு இருந்து" என்றாள் நர்ஸ். தாய் தானாக, தனியாக உட்கார்ந்து எழுத வேண்டுமாம். "சிஸ்டரே, அவளுக்கு மலையாளம் வாசிக்க வராது. நான் இருக்கேன்ல, நடமாடும் டிக்ஷனரி" என்றேன். ஊசிக்கு வந்த கூட்டம் அவளை இழுத்துக்கொண்டது. பேனா என் கையில் வந்தது.

சிரிக்க முடிகிறதா என்று முதல் கேள்வி. "என் மருமகளா இருந்துட்டு சிரிக்காம இருக்க முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே முதல் கட்டத்தில் அடையாளம் போட்டேன். காரணமில்லாமல் பயம் வருகிறதா என்று ஒன்று. "அத்தையைப் பார்த்தா வருதா? அது காரணத்தோட வர்ற பயம், கணக்கில்ல." அழுகை வருகிறதா என்று ஒன்று. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் "வெங்காயம் நறுக்கறப்பதானே?" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். இப்படியே ஒன்பது. பத்தாவது, தன்னைத் தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்ததா என்று இருந்தது. அதை மட்டும் நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. மடியில் பிள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் இதை எந்த வாயால் கேட்பது. 'ஒருபோதும் இல்லை' என்ற கட்டத்தில் நானே அடையாளத்தைப் போட்டேன். "கடைசிக் கேள்வி என்ன மாமா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, அட்ரஸ் கேக்கறான்" என்றேன். நர்ஸ் வந்து பதில்களுக்கான எண்களைக் கூட்டிப் பார்த்தாள். கவலைப்பட ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான்தான் சந்தோஷமாக இருந்தேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் போனது. பிரசவத்துக்குப் பிந்தைய தொண்ணூறு நாள் குளியலுக்காக இடக்கொச்சியிலிருந்து வருகிற ஷைலா சேச்சியை உனக்குத் தெரியும். இலையெல்லாம் போட்டுக் காய்ச்சின வெந்நீரில் கயலைக் குளிப்பாட்டிவிட்டு அன்று நேரே அடுக்களைக்கு வந்தாள். நான் சாயா குடித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மாவைப் பார்த்து, "சேச்சி, ஒரு காரியம் பறயட்டே. எத்தனை வருஷமா பெண்ணுங்களைக் குளிப்பிக்கறேன். வெள்ளம் கொஞ்சம் சூடு கூடினா போதும், என் அப்பனைச் சேர்த்துத் திட்டுவாளுங்க. இன்னிக்கு நான் பச்சைவெள்ளம் கலக்க மறந்துபோயி. முழுச் சூடு. இந்தக் கொச்சுப் பொண்ணு ஒண்ணும் பறயல. தோள் சிவந்து கிடக்குது. சுவரைப் பார்த்துட்டே இருந்துச்சு" என்றாள். நான் வழக்கம்போல, "விருதுநகர் வெயில்ல வளர்ந்தவ சேச்சி, இதெல்லாம் அவளுக்குக் குளிர்" என்றேன். ஷைலா சேச்சி சிரிக்கவில்லை. உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "ஒரு தடவையாவது வாயை மூடிட்டு இருங்க" என்றாள். பிறகு, என்னிடம் இல்லாமல், சேச்சியிடமும் இல்லாமல், "எனக்கும் அப்போ சூடு தெரியாம இருந்தது" என்றாள்.

'அப்போ' என்றால் நீ பிறந்தபோது. உன்னை அண்டாவில் ஒளித்துவைத்த கதை உனக்கு மனப்பாடம். எத்தனை கல்யாணத்தில் சொல்லியிருப்பேன். உன் அம்மா பிரசவத்துக்குப் பிறகு ஒரே மந்தமாக இருந்தாள், பிள்ளையைக் கொஞ்சவே மாட்டாள், ஒரு அதிர்ச்சி கொடுத்துச் சரிபண்ணலாம் என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போய் நம் கடையில் இருந்த பெரிய பிரியாணி அண்டாவுக்குள் துணி விரித்துப் படுக்கவைத்துவிட்டு, கடைப் பையனைக் காவலுக்கு நிறுத்திவிட்டு வந்து, "பிள்ளையைக் காணோம்!" என்று கத்தினேன். "அதெல்லாம் எங்கேயும் போகாது, உங்க பிள்ளைதானே, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துரும்" என்று உன் அம்மா சொன்னாள். இதுதான் நீ கேட்டிருக்கிற கதை. இந்த இடத்தில் பந்தலே சிரிக்கும்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. அந்த வரி நான் எழுதியது. பிள்ளையைக் காணோம் என்று நான் கத்தினபோது உன் அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "சரி. போகட்டும். இனி தூங்கலாம்" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் முகத்தில் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தேன், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல். கடைக்கு ஓடிப்போய் உன்னை எடுத்துவந்தேன். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பயந்தேன். பயந்ததும் அதை வேடிக்கையாக மாற்றி அன்று சாயங்காலமே பக்கத்துக் கடையில் சொன்னேன். அவர்கள் சிரித்ததும் பயம் பாதி குறைந்தது, எனக்கு. உன் அம்மாவுக்கு மந்திரித்த கயிறு கட்டினோம், லேகியம் கொடுத்தோம், டாக்டரிடம் மட்டும் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அவள் தனியாக அதற்குள் நடந்து, தனியாக வெளியே வந்தாள். உனக்கு ஏன் தம்பி தங்கை இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம், 'இந்த ஒரு சேட்டையே போதும்' என்று சொல்லியிருக்கிறேன். இன்னொரு தடவை அங்கே போகமாட்டேன் என்று உன் அம்மா சொன்னதுதான் காரணம். நீ உன் அம்மாவுக்குப் பாரமாக இருந்தாய் என்று இதை எடுத்துக்கொள்ளாதே. அவளுக்கு வந்தது நோய். பாரமாக இருந்தவன் நான்.

அன்று உன் அம்மா அடுக்களையிலிருந்து நேரே கயலின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் அவளிடம் சொன்னாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் வாயால். நான் கதவருகில் நின்றேன். கயல் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "எனக்கும் அப்படித்தான் அத்தை தோணுது. நான் இல்லாட்டி குட்டிய நீங்க எல்லாரும் நல்லாப் பாத்துப்பீங்க. நான் இருக்கறதுதான் அவளுக்குக் கெடுதல்னு" என்றாள். என்னைப் பார்த்தாள். "மாமா, எங்க கல்யாணத்துல மைக்ல அந்தக் கதையைச் சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இப்ப நான் எதாச்சும் சொன்னா அடுத்த கல்யாணத்துல அது என் கதையாயிரும்னு பயம்." கடைசிக் கேள்வியை நான் வாசிக்காமல் விட்டதை அவளிடம் அப்போதுதான் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அட்ரஸை எதுக்கு மாமா நாலு பதில்ல ஒண்ணாத் தேர்ந்தெடுக்கச் சொல்றாங்கன்னு அன்னிக்கே நெனச்சேன்" என்றாள்.

அன்றே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே நர்ஸைத் தேடிப் பிடித்து, தாளை நிரப்பியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். கூட்டத்துக்கு நடுவில் வைத்துத் திட்டினாள். திட்டிக்கொண்டே போனை எடுத்தாள். மதியத்துக்குள் மனநல டாக்டர் ஒருவரைப் பார்க்க ஏற்பாடு ஆனது. அந்த டாக்டர் முதலில் செய்தது என்னையும் உன் அம்மாவையும் வெளியே அனுப்பியதுதான். உள்ளே கயல் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, நீயும் கேட்காதே. வெளியே வந்து டாக்டர் எங்களிடம் சொன்னதைச் சொல்கிறேன். இது பிரசவத்தை ஒட்டி வருகிற நோய், அநேகம் பெண்களுக்கு வருகிறது, வளர்ப்பாலோ கொழுப்பாலோ வருவதில்லை, குணமாகும். இப்போதைக்கு அவளைத் தனியாக விடக்கூடாது. ஒரே மூச்சில் நாலைந்து மணி நேரம் தூங்கவைக்க வேண்டும், அதுவும் மருந்துதான். திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்று பயந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும். நீ பயப்படுகிற மாத்திரையை, தாய்ப்பால் கொடுக்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுதினார். நீயும் சந்தேகத்தை அவரிடமே கேள். நம்பர் தருகிறேன். நிறுத்துவதானாலும் அவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாதாம்.

பேசிக் குணமாக்குகிற கவுன்சிலரைத் தேடியதுதான் எங்களை ஓய்த்துவிட்டது. முதலில் போன இடத்தில் அந்த அம்மாள், நல்ல புருஷன், நல்ல மாமியார், தங்கம்போலக் குழந்தை, உனக்கென்னம்மா குறை என்று கேட்டாள். கயல் வெளியே வந்து, "இதை நானே என்கிட்ட தெனமும் கேக்கறேனே மாமா" என்றாள். அங்கே மறுபடி போகவில்லை. இரண்டாவது ஆள் நல்லவர், ஆனால் மலையாளமும் ஆங்கிலமும்தான். "மீன் வாங்க என் மலையாளம் போதும், அழறதுக்குப் போதாது" என்றாள் கயல். இன்னொரு இடத்தில் இரண்டு மாசம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும் என்றார்கள். கடைசியில் டாக்டரே விசாரித்து, பாலக்காட்டுத் தமிழ் பேசுகிற ஒரு பெண்ணைச் சொன்னார். இடப்பள்ளிக்குப் பக்கத்தில், வியாழக்கிழமைகளில். மட்டாஞ்சேரியிலிருந்து இடப்பள்ளி போய்வருவது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும், பாதி நாள் பஸ்ஸிலேயே போய்விடும். கயல் உள்ளே இருக்கிற ஒரு மணி நேரம் நானும் உன் அம்மாவும் குட்டியை மாற்றி மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் நடப்போம். தெருவில் விசாரிக்கிறார்கள். கவுன்சிலரிடம் போனோம் என்று உன் அம்மா ஒருத்தியிடம் வாய் தவறிச் சொல்ல, அவள் வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டு, "ஓடை அடைச்சிருக்கே, அதுக்கா?" என்றாள். "ஆமா, ரொம்ப நாள் அடைப்பு, இப்பத்தான் திறந்திருக்காங்க" என்றேன். கயல் அதைக் கேட்டு உண்மையாகவே சிரித்தாள். இப்போதெல்லாம் வேடிக்கை பேசுவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

மருந்து தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் குளியலறையிலிருந்து "ஐயோ சேச்சி, கோழியா உரிக்கறீங்க, சூடு!" என்று ஒரு அலறல் கேட்டது. உன் அம்மா அடுக்களையில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதே. இந்தத் திங்கட்கிழமை கயல் கட்டிலைவிட்டு எழவே இல்லை. குட்டி அழுதபோது காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே என்றுதான் போகும் என்று அந்த இடப்பள்ளிப் பெண்ணும் சொல்லியிருக்கிறாள். வீட்டில் முறை வைத்திருக்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. நான் கடையைப் பாதி நாள்தான் திறக்கிறேன். நான் களைத்துப்போய்விட்டேன்டா. உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போனில் நீ கேட்கிறபோதெல்லாம் 'இங்க எல்லாம் ஜோர்' என்று சொன்னவன் நான்தானே. அதை நம்பித்தான் நீ மாத்திரை எதற்கு என்று கேட்டாய். உன்மேல் முழுக் குற்றத்தையும் போட எனக்கு வாய் இல்லை.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். யாரிடமும் சொல்லாதே என்றாயே, யாருக்காக? விருதுநகரில் அவள் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, கயலே சொன்னாள். மனுஷன் மறுநாளே பஸ் பிடித்து வந்து நாலு நாள் குட்டியின் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டுப் போனார். கல்யாணத்தன்று என்னோடு பேசத் தயங்கினவர், இப்போது தினமும் போன் போடுகிறார். சொன்னதால் போனது ஒன்றும் இல்லை. சொல்லாததால் உன் அம்மாவுக்கு ஒரு வருஷம் போனது. அந்த வருஷத்தை என்னால் எங்கிருந்தும் கொண்டுவந்து அவளுக்குக் கொடுக்க முடியாது. தொண்ணூறு நாள் குளியல் முடிந்தால் தானாகச் சரியாகிவிடும் என்றாய். குளியல் நல்லதுதான், உடம்பு வலி போகும். இதற்கு அது போதாது. நான் போதும் என்று நினைத்தவன், அதனால் சொல்கிறேன்.

நீ வரவேண்டும். நாலு மாசம் கழித்து வருகிற லீவை இப்போது கேள். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று எழுது. வயிற்றுவலி, முதுகுவலி என்று மாற்றி எழுதாதே. கத்தாரில் உன் மேலதிகாரி தரமாட்டார் என்றால் டாக்டரின் கடிதம் அனுப்புகிறேன். உன்னையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு வரச்சொல்லி அந்த இடப்பள்ளிப் பெண் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். உன்னைத் திட்டுவதற்கு இல்லை. வீட்டில் என்ன செய்யலாம், எப்படிக் கேட்கலாம் என்று சொல்லித்தருவாளாம். அங்கே ஒரு அறையில் நாலு பேரோடு படுத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் போன் கண்ணாடிக்குள் மட்டும் பார்க்கிற உனக்கும் தூக்கம் வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் நான் உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை. இப்போது கேட்கிறேன். வேடிக்கையாகப் பதில் சொல்லாதே. அந்தக் குணம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதனால் எனக்குக் கேட்கும்.

வருகிற வியாழக்கிழமை மத்தியானம், அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் கயல் உன்னைக் கூப்பிடுவாள். அவளாகத்தான் கேட்டாள், நாங்கள் சொல்லித்தரவில்லை. வீடியோ வேண்டாம், குரல் போதும் என்றாள். அப்போது உனக்கு வேலை நேரமாக இருக்கும். யாரிடமாவது சொல்லிவிட்டு வெளியே வந்து நில். தைரியமாக இரு என்று சொல்லாதே. குட்டி எவ்வளவு அழகாக இருக்கிறாள் பார் என்று சொல்லாதே. அம்மா அப்பா எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் என்று கட்டாயம் சொல்லாதே. நீ முதலில் எதுவும் சொல்ல வேண்டாம். அவள் பேச ஆரம்பித்தால் முடிக்கும்வரை கேள். ஆரம்பிக்காமலும் இருக்கலாம். எதிர்ப்பக்கம் வண்டிச் சத்தமும் குட்டியின் சிணுங்கலும் மட்டும் கேட்கலாம். அது எத்தனை நிமிஷம் ஆனாலும் சரி, ஒரு மணி நேரமே ஆனாலும் சரி, லைன் போய்விட்டதோ என்று நினைத்து வைத்துவிடாதே. அவள் அங்கேதான் இருப்பாள். நீயும் இரு.